நாற்பது குதிரை டிராக்டர் அறுபது தருவது எப்படி? இழுவைப் போட்டிக்கு இறங்கும் பழைய ஃபார்மால் எம்

கேள்வி இதுதான்: அமெரிக்காவில் 1940களின் ஃபார்மால் எம் டிராக்டர்களை இன்னும் இழுவைப் போட்டிகளில் இறக்குகிறார்கள். புத்தகத்தில் நாற்பது குதிரைத்திறனுக்கும் கீழே போட்டிருக்கும் வண்டி, போட்டியில் அறுபது, அறுபத்தைந்து தருகிறதாம். டர்போவும் வைக்காமல், வேறு இன்ஜினும் மாற்றாமல் இது எப்படி முடிகிறது?

முடியும். ஆனால் ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் ஒரு கணக்குப் போட வேண்டும். அதைப் போடாமல் இன்ஜினைத் திறந்தவர்கள்தான் இந்த விளையாட்டில் அதிகம் செலவழித்துவிட்டுப் பாதித் தடத்தில் நின்றுபோகிறவர்கள்.

போட்டியைப் பார்த்திராதவர்களுக்காக இரண்டு வார்த்தை. டிராக்டருக்குப் பின்னால் ஸ்லெட் என்ற ஒன்றைச் சங்கிலியால் மாட்டுவார்கள். அதன் பின்பக்கம் சக்கரத்தில் நிற்கும், முன்பக்கம் தட்டையான இரும்புத் தகடாகத் தரையில் உட்காரும். மேலே தண்டவாளம் போன்ற சட்டத்தில் ஒரு எடைப்பெட்டி இருக்கும். ஸ்லெட் நகர நகர, அதன் சக்கரத்தோடு பிணைந்த சங்கிலி அந்தப் பெட்டியை முன்னால் இழுத்துக்கொண்டு வரும். கிளம்பும்போது எடை சக்கரத்தின் மேல் இருக்கிறது. போகப் போக அது தகட்டின் மேல் ஏறுகிறது. தகடு மண்ணைக் கவ்வுகிறது. 300 அடியை முடித்துவிட்டால் ‘ஃபுல் புல்’. முடிக்காவிட்டால் எத்தனை அடி என்று அளந்து வரிசை போடுவார்கள்.

குதிரைகளை வைத்து நடந்த பந்தயம்தான் இது. மோட்டார் வண்டியோடு நடந்ததில் பதிவில் இருக்கும் முதல் போட்டிகள் 1929இல், மிசௌரி மாநிலத்தின் பௌலிங் கிரீனிலும் ஒஹையோவின் வான்ஸ்வில்லிலும். எடைப்பெட்டி நகரும் ஸ்லெட் வருவதற்கு முன்பு, தடத்தின் ஓரத்தில் ஆட்களை இடைவெளி விட்டு நிறுத்தி, வண்டி இழுத்துவரும் பலகை பக்கத்தில் வரும்போது ஒவ்வொருவராக அதில் ஏறிக்கொள்வார்கள். எடை கூடுவதற்கு அதைவிட எளிய வழி உண்டா! ஓடும் பலகையில் ஏறுவது எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்லவே வேண்டாம். தேசிய அளவில் விதிகளை ஒருமைப்படுத்தும் என்டிபிஏ சங்கம் 1969இல் வந்தது. அந்த மேடையின் உச்ச வகுப்புகளில் ஓடும் ஆயிரக்கணக்கான குதிரைத்திறன் அரக்கர்கள் வேறு உலகம். நாம் பேசுவது கவுண்டி திருவிழாக்களில் தாத்தாவின் டிராக்டரைக் கொண்டுவந்து இழுக்கும் பழைய வண்டி வகுப்பு.

இப்போது கணக்கு. இழுவையை பவுண்டில் எடுத்து, வேகத்தை மணிக்கு மைலில் எடுத்து, பெருக்கி 375ஆல் வகுத்தால் கொக்கியில் தேவைப்படும் குதிரைத்திறன் வரும். வண்டியின் எடை 6,500 பவுண்டைத் தாண்டக் கூடாத வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். நன்றாக இறுக்கிய களிமண் தடத்தில் வண்டி தன் எடையில் முக்கால் பங்கு இழுத்தால் அது சுமார் 5,000 பவுண்ட். பழைய வண்டி வகுப்புகளில் வேகக் கட்டுப்பாடு சகஜம்; மணிக்கு 3 மைல் என்று எடுத்துக்கொண்டால் 5,000 × 3 ÷ 375 = 40 குதிரை. டயர் வழுக்கலில் 15 சதவீதமும் கியர்களில் 10 சதவீதமும் போகிறது என்று வைத்தால் கிராங்கில், அதாவது இன்ஜினின் சுழல்தண்டில், 52 தேவை. அவ்வளவுதான்! அதற்கு மேல் எண்பது, தொண்ணூறு குதிரையை உள்ளே வைத்தாலும், அந்த வேகத்தில் அது டயரைச் சுழற்றிக் குழி தோண்டத்தான் பயன்படும். வேகக் கட்டுப்பாடு இல்லாத வகுப்பு என்றால் கதை மாறும். 5 மைலில் அதே இழுவைக்குக் கொக்கியிலேயே 67 குதிரை வேண்டும். ஆகவே முதலில் உங்கள் ஊர்ப் போட்டியின் விதித்தாளை வாங்கிப் படியுங்கள். வேகம், எடை, கொக்கி உயரம், எரிபொருள், சிலிண்டர் அளவை எவ்வளவு கூட்டலாம் என எல்லாம் அதில் இருக்கும். ஊருக்கு ஊர் மாறும்.

ஆக இலக்கு 55 முதல் 65. கையில் இருப்பது என்ன?

இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1939 முதல் 1952 வரை செய்த ஃபார்மால் எம் வண்டியில் இருப்பது சி-248 இன்ஜின். நான்கு சிலிண்டர், ஓவர்ஹெட் வால்வு, 3⅞ அங்குல போர் (சிலிண்டரின் விட்டம்), 5¼ அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்). 248 கன அங்குலம், அதாவது நான்கு லிட்டருக்குச் சற்று மேல். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் இதை நிமிடத்துக்கு 1,450 சுற்றில் பிடித்து நிறுத்தும். நான்கு லிட்டருக்கு நாற்பது குதிரை கூட இல்லையே என்று தோன்றும். காரணம் அந்தக் காலத்துப் பெட்ரோல். அழுத்தினாலும் தானாக வெடிக்காத தரத்தைச் சொல்லும் ஆக்டேன் எண் எழுபதை ஒட்டித்தான் இருந்தது. அதைவிட மட்டமான டிஸ்டிலேட் என்ற எண்ணெயிலும் ஓட வேண்டும் என்று பல வண்டிகளைச் செய்தார்கள். அதனால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது என்ற விகிதம்) ஆறுக்கும் கீழே. அதோடு நாள் முழுக்க உழுதாலும் சூடேறாமல், இருபது வருஷம் உழைக்க வேண்டும். கம்பெனி வேண்டுமென்றே விட்டுவைத்த இந்த இடைவெளிதான் நமக்கு முதலீடு.

அந்த ‘நாற்பதுக்குக் கீழே’ என்ற எண் கம்பெனி விளம்பரத்தில் சொன்னது அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் சோதித்த எண் அது. 1919இல் அந்த மாநிலம், சோதனையில் தேறாத டிராக்டர் மாடலை விற்கக் கூடாது என்று சட்டம் போட்டது. காரணம் வில்மாட் கிரோசியர் என்ற விவசாயி. ‘ஃபோர்டு’ என்று பெயர் பார்த்து வாங்கிய டிராக்டர் ஹென்றி ஃபோர்டுக்குச் சம்பந்தமே இல்லாத மினியாபொலிஸ் கம்பெனியுடையது, ஓடவும் இல்லை. மனிதர் சட்டமன்ற உறுப்பினராகி சட்டமே கொண்டுவந்துவிட்டார். 1920 முதல் லிங்கன் நகரில் சோதனை நடக்கிறது. பழைய வண்டிகளின் குதிரைத்திறனை இன்றும் நம்பிப் பேச முடிவது அவர் புண்ணியம்.

இன்ஜின் ஒரு காற்றுப் பம்பு. எவ்வளவு காற்றை உள்ளே இழுக்கிறதோ அவ்வளவு பெட்ரோலை எரிக்கும். எனவே வழிகள் நான்கு: பம்பைப் பெரிதாக்கு, மூச்சை எளிதாக்கு, இழுத்ததை நன்றாக அழுத்து, வேகமாகச் சுற்று. ஆனால் இவற்றுக்கு முன்னால் ஒன்று உண்டு. எழுபத்தைந்து வருஷ வண்டி புத்தகத்தில் போட்ட 38ஐயே இன்று தராது. ரிங் தேய்ந்து, வால்வு சீட் குழிந்து, மேக்னெட்டோ பலவீனமாகி, கார்புரேட்டரின் திராட்டில் ஷாஃப்ட் ஆடிக் காற்றுத் திருடிக்கொண்டிருக்கும். வெளிக்கருவிகளை ஓட்டும் பிடிஓ தண்டில், சக்தியை அளக்கும் டைனமோமீட்டர் (சுருக்கமாக டைனோ) மாட்டிப் பார்த்தால் முப்பது கூடத் தேறாத வண்டிகள் உண்டு. ஆகவே முதல் வேலை டைனோ, அடுத்தது கம்ப்ரஷன் டெஸ்ட். எங்கிருந்து கிளம்புகிறோம் என்று தெரியாமல் எவ்வளவு கூடியது என்று எப்படிச் சொல்வது?

போரைப் பெரிதாக்குவதுதான் இந்த வண்டியில் மிகச் சுகமான வழி, ஏனென்றால் கம்பெனியே அதைச் செய்து காட்டியிருக்கிறது. 1952இல் வந்த சூப்பர் எம் வண்டிக்கு 4 அங்குல போர், 264 கன அங்குலம். பின்னால் 1956இல் வந்த 450 மாடலுக்கு 4⅛ அங்குலம், 281 கன அங்குலம். ஸ்ட்ரோக் மூன்றுக்கும் ஒன்றே. எனவே சிலிண்டரின் உள்ளுறையான ஸ்லீவும் பிஸ்டனும் மாற்றி எம் வண்டியை 4 அங்குலத்துக்குக் கொண்டுபோவது 1950களிலேயே விவசாயிகள் செய்த வேலை. இல்லினாயின் கிப்சன் சிட்டியில் இருந்த எம் அண்ட் டபிள்யூ கம்பெனி அதற்கான பிஸ்டன்களை விற்றுப் பேர் வாங்கியது. உழவுக்காக வாங்கினார்கள், போட்டிக்காக அல்ல. 4 அங்குலம் ஆறு சதவீதத்துக்குச் சற்று மேல் தரும், 4⅛ பதின்மூன்று சதவீதம். இரண்டாவதற்குப் போகும் முன் பிளாக்கின் சுவர்த் தடிமனை அளக்காமல் போரிங் மெஷினில் ஏற்றாதீர்கள். உள்ளே துரு தின்ற பழைய வார்ப்பு வெளியே பார்த்தால் தெரியாது.

அடுத்தது அழுத்தம். நான் பணம் போடச் சொன்னால் முதலில் இங்கேதான் போடச் சொல்வேன். இன்று பம்பில் கிடைக்கும் சாதாரண அமெரிக்கப் பெட்ரோலே 87 ஆக்டேன். பழைய வண்டி அதை வாங்கிக் குடித்துவிட்டுப் பாதிக் குணத்தை வீணாக்குகிறது. ஏட்டுக் கணக்குப்படி கம்ப்ரஷனை 6இலிருந்து 8க்கு ஏற்றினால் அதே பெட்ரோலில் பத்து சதவீதம் கூடுதல் சக்தி. 8இலிருந்து 10க்கு ஏற்றினால் ஆறரை சதவீதம்தான். போகப் போக வரவு குறைகிறது, கலவை தானாக வெடித்துத் தட்டும் ஆபத்து கூடுகிறது. அதனால் பம்பு பெட்ரோலில் ஓடும் வகுப்புக்கு எட்டை ஒட்டி நின்றுவிடுவது புத்தி. எப்படி ஏற்றுவது? மேடான தலை உள்ள பிஸ்டன் போடலாம். அல்லது ஹெட்டின் முகத்தை மெஷினில் சீவலாம். மலைப்பிரதேசங்களில் காற்று மெலிந்திருக்கும் என்பதற்காகக் கம்பெனிகளே அப்போது உயர்மட்டப் பிஸ்டன்கள் விற்றன; சமவெளியில் அவற்றைப் போட்டால் கம்ப்ரஷன் இலவசம் மாதிரி. டிஸ்டிலேட் வண்டியாக இருந்தால் கட்டாயம் ஹெட்டையும் மேனிஃபோல்டையும் (காற்றும் புகையும் போகும் குழாய்த்தொகுதி) பெட்ரோல் வண்டியுடையதாக மாற்றுங்கள். டிஸ்டிலேட் ஆவியாக வேண்டும் என்பதற்காக அதன் மேனிஃபோல்டில் புகையின் சூட்டை வேண்டுமென்றே உள்வரும் காற்றுக்கு ஏற்றுவார்கள். சூடான காற்று மெலிந்த காற்று. குதிரை அங்கேயே ஓடிப்போகிறது.

இந்த வகை இழுவையில் தட்டல் (மெக்கானிக்குகள் ‘நாக்’ என்பார்கள்) சாலையில் ஓடும் வண்டியைவிட மோசமாக அடிக்கும். காரணம், ஸ்லெட் கனக்கும்போது திராட்டில் முழுதாகத் திறந்திருக்கும், சுற்றோ குறைந்துகொண்டே வரும். நாக் பிறப்பதற்கு இதைவிடத் தோதான சூழல் கிடையாது. அதனால் கம்ப்ரஷனை ஏற்றியபின் பழைய டைமிங்கிலேயே விடக் கூடாது. அழுத்தம் கூடினால் தீ வேகமாகப் பரவும், ஸ்பார்க்கைச் சற்றுப் பின்னுக்குத் தள்ள வேண்டும். டைனோவில் இரண்டு இரண்டு டிகிரியாக நகர்த்தி, சக்தி ஏறுவது நின்ற இடத்துக்கு ஒரு டிகிரி முன்னாலேயே பூட்டிவிடுவது என் வழக்கமான ஆலோசனை. கடைசி அரைக் குதிரைக்காகப் பிஸ்டனைப் பணயம் வைக்க வேண்டாம்.

மூச்சுக்கு வருவோம். எம் வண்டியின் கார்புரேட்டர் கீழிருந்து மேலே ஊதும் வகை. பெட்ரோலைப் புவியீர்ப்புக்கு எதிராகத் தூக்க வேண்டும் என்பதால் காற்று வேகமாக ஓட, வென்சுரி என்ற காற்றுவழிக் கழுத்தை ஒடுக்கமாக வைத்திருக்கிறார்கள். 248 கன அங்குலம் 1,450 சுற்றில் முழுதாக நிரம்பினால் நிமிடத்துக்கு 104 கன அடி காற்று. 281ஐ 1,800 சுற்றில் ஓட்டினால் 146 கன அடி. நாற்பது சதவீதம் அதிகம். பழைய கார்புரேட்டர் இதற்குத் தாங்காது என்பது கண்ணால் பார்க்காமலே தெரிகிறது. 450 மாடலின் கார்புரேட்டரைப் போடுவார்கள், அல்லது இருப்பதையே போர் செய்து, பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைப் பெரிதாக்குவார்கள். ஆனால் ஆசைப்பட்டு ஒரேயடியாகப் பெரிதாக்கினால், சுற்று இறங்கும்போது காற்றின் வேகம் போதாமல் பெட்ரோல் மேலே ஏறாது. எடைப்பெட்டி முன்னால் வந்து இறுக்கும் அந்தக் கணத்தில் இன்ஜின் இருமி நின்றுவிடும். டைனோவில் ஜெயித்துத் தடத்தில் தோற்கும் வண்டிகளில் பாதி இந்த வகை.

450இன் ஹெட்டை எம் பிளாக்கில் ஏற்றுவதும் பலர் செய்வது. இருக்கும் ஹெட்டிலேயே வால்வு சீட்டை மூன்று கோணத்தில் வெட்டி, போர்ட்டில் வார்ப்பு முண்டுகளைத் தேய்த்து, கேஸ்கட் விளிம்பு வழியை மறைக்காமல் பொருத்தினாலே நல்ல வித்தியாசம் தெரியும். கண்ணாடி போல பாலிஷ் போட வேண்டியதில்லை. அது சிலரின் மனத்திருப்திக்கு. புகைவழியில் சைலன்சரைக் கழற்றி நேர்க்குழாய் வைப்பார்கள். சத்தம் கூடுவதைவிடக் குறைவாகவே சக்தி கூடும்.

வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டில்தான் கார் ரேஸ் பார்த்து வளர்ந்தவர்கள் தடுமாறுகிறார்கள். வால்வை ரொம்ப நேரம் திறந்து வைக்கும் கேம் மேல் சுற்றில் பிரமாதமாக இருக்கும், கீழே செத்துப்போகும். டிராக்டர் இழுவையில் தேவை நேர் எதிர். 1,800இல் கிளம்பி, 1,300க்கு இழுத்துக்கொண்டு இறங்கும்போதும் முறுக்குவிசை குறையாமல், முடிந்தால் கூடிக்கொண்டே வர வேண்டும். ஆகவே வால்வு திறக்கும் உயரமான லிஃப்டைக் கூட்டி, திறந்திருக்கும் காலத்தை அதிகம் தொடாமல் அரைத்த கேம். உச்சக் குதிரைத்திறனை மட்டும் பார்த்து இன்ஜின் கட்டாதீர்கள். டைனோவில் சுமையை ஏற்றி 1,800இலிருந்து கீழே இழுத்துக்கொண்டே வாருங்கள், முறுக்குவிசைக் கோடு எங்கே உட்காருகிறது என்று பாருங்கள். அந்தக் கோடுதான் ஸ்லெட்டோடு மல்லுக்கட்டுவது.

சுற்றைக் கூட்டுவதைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் உண்டு. கவர்னர் ஸ்பிரிங்கை மாற்றினால் பத்து நிமிட வேலை, செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை, சக்தி உடனே ஏறும். அதனால்தான் எல்லோரும் முதலில் அதைச் செய்கிறார்கள். 5¼ அங்குல ஸ்ட்ரோக் என்பது 133 மில்லிமீட்டர். அவ்வளவு தூரம் மேலும் கீழும் போகும் கனமான வார்ப்பிரும்புக் கால வடிவமைப்பு இது. சுற்றின் இருமடிக்கு ஏற்ப கனெக்டிங் ராடையும் போல்ட்டையும் இழுக்கும் விசை ஏறும். 1,450இலிருந்து 2,000க்குப் போனால் சுற்று 38 சதவீதம் கூடுகிறது, விசையோ 90 சதவீதம் கூடுகிறது. அதே கணக்கு ஃபிளைவீலுக்கும் கிளட்ச் பிரஷர் பிளேட்டுக்கும். வார்ப்பிரும்பு ஃபிளைவீல் சிதறினால் ஓட்டுபவருக்கே ஆபத்து. 1,800க்கு மேலே போக விரும்பினால் புதிய ராட் போல்ட், மொத்தச் சுழல் பாகங்களையும் பாலன்ஸ் செய்தல், எஃகு ஃபிளைவீல், கிளட்சைச் சுற்றி எஃகு உறை ஆகியவற்றுக்கு முதலில் பட்ஜெட் போடுங்கள். அந்தப் பணம் இல்லை என்றால் 1,800 உங்கள் கூரை.

தவிர, சுற்றைக் கூட்டினால் வேகமும் கூடும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். எம் வண்டியின் இரண்டாம் கியர் 1,450 சுற்றில் மணிக்கு 3½ மைல். 1,800இல் அது 4.3 ஆகிவிடும், வேகக் கட்டுப்பாட்டில் மாட்டிக்கொண்டு வெளியே அனுப்பிவிடுவார்கள். முதல் கியர் 2⅝ மைல், 1,800இல் 3¼. அப்போதும் 3 மைல் விதிக்குச் சற்று மேலேதான், திராட்டிலைக் கட்டிப் பிடிக்க வேண்டும். ஆக அந்த வகுப்பில் சுற்றுக்காகச் செலவழித்த பணம் முழுக்க வீண்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்ப்போம். 38இல் கிளம்புகிறோம். போரும் சுற்றும் சேர்ந்து காற்றை 1.4 மடங்காக்கினால் 53. கம்ப்ரஷனுக்குப் பத்து சதவீதம் போட்டால் 58. ஹெட், கார்புரேட்டர், கேம் சேர்ந்து இன்னொரு பத்து தந்தால் 64. மந்திரம் ஒன்றுமில்லை. சுற்றைத் தொடாமலே விட்டிருந்தால்கூட ஐம்பதைத் தாண்டியிருக்கும். மேலே போட்ட கணக்கில் 3 மைல் வகுப்புக்குத் தேவைப்பட்டதும் ஏறக்குறைய அதுதான்.

கூலிங் பற்றிக் கவலை வேண்டாம். 300 அடியை 3 மைல் வேகத்தில் கடக்க 68 நொடிதான்.

மிச்சம் இருப்பது இன்ஜினுக்கு வெளியே. முன் சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் மிதக்கும்படி எடைக்கட்டிகளை அடுக்குவதில்தான் கைதேர்ந்தவர்கள் ஜெயிக்கிறார்கள். கொக்கி 20 அங்குல உயரத்தில் இருந்து, இழுவை 5,000 பவுண்ட், இரு அச்சுகளுக்கும் இடையே ஏழரை அடி என்றால், சுமார் 1,100 பவுண்ட் முன்னச்சிலிருந்து பின்னச்சுக்குத் தாவுகிறது. அவ்வளவு எடை முன்னால் இல்லை என்றால் மூக்கு மேலே எழும்பும். டயரில் காற்றைக் குறைத்து, விதி அனுமதித்தால் பட்டைகளின் விளிம்பைக் கூராக வெட்டி, எடைக்கட்டியை ஒரு துளை முன்னால் நகர்த்திப் பார்ப்பது, பத்து குதிரை கூட்டுவதைவிட அதிக அடி தரும்.

கொக்கியை மட்டும் விதி சொன்ன உயரத்துக்கு மேலே ஏற்றவே ஏற்றாதீர்கள். பின்னச்சின் மட்டத்தை அது நெருங்க நெருங்க, வண்டி ஸ்லெட்டை இழுப்பதற்குப் பதில் தன் அச்சைச் சுற்றித் தானே பின்னால் ஏறும். திரும்ப முடியாத கோணத்தை எட்ட முக்கால் நொடி போதும். கால் கிளட்சைத் தேடுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கூட்டிய ஒவ்வொரு குதிரையும் அந்த முக்கால் நொடியை இன்னும் சுருக்கும். அதனால்தான் வண்டி பின்னால் கவிழாமல் தாங்கும் வீலி பார் பொருத்தி, ஸ்பார்க்கை வெட்டும் கில் சுவிட்சின் கயிற்றை ஸ்லெட்டோடு முடிச்சுப் போட்டு, ஸ்லெட்காரர் கையிலும் ஒரு முனை இருக்கும்படி செய்கிறார்கள். போட்டிக்குப் போகும் முன் வீட்டு முற்றத்திலேயே அந்தக் கயிற்றை ஒரு தடவை இழுத்து, இன்ஜின் நிற்கிறதா என்று பாருங்கள்.